ஊர் வரலாறு எழுத நில ஆவண இணையச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களை வைத்து ஒரு மதிப்புரை

பட்டா எடுப்பவருக்காகவும் நிலம் வாங்குபவருக்காகவும் கட்டிய தளம் இது. இருந்தாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சிற்றூரின் பழைய கதையைத் தேட உட்காருகிறவர் முதலில் திறக்க வேண்டியது தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ நில ஆவணச் சேவையைத்தான். பார்வையிடக் காசில்லை, சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, ஊரிலுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பதிவு இருக்கிறது. அந்தப் பதிவில் தெரிவது 1980-களில் முடிந்த யூ.டி.ஆர் என்ற நிலப் பதிவுப் புதுப்பிப்பின் கணக்கும் அதன்மேல் ஏறிய மாற்றங்களும் மட்டுமே. அதற்கு முந்தைய காலத்தை இந்தத் தளம் காட்டாது. எங்கே போய்த் தேடுவது என்று துப்பு மட்டும் கொடுக்கும். அந்தத் துப்பைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது தங்கமான சேவை. தெரியாதவர் இன்றைய பட்டாதாரரின் தாத்தாவை ஊரை உருவாக்கியவர் ஆக்கிவிடுவார்.

கைபேசி எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் மாவட்டம், வட்டம், கிராமம் என்று மூன்று பட்டியல் வரும். பாதிப் பேர் மூன்றாவதிலேயே தடுக்கி விழுகிறார்கள். நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் ஒரு குக்கிராமம். பட்டியலில் இருப்பது வருவாய்க் கிராமம். தலைவர் தேர்தல் நடப்பது ஊராட்சிக்கு. மூன்றும் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஏழெட்டுக் குக்கிராமங்கள் இருக்கலாம். வீடே இல்லாத வருவாய்க் கிராமமும் உண்டு. வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் ஊராட்சியின் பெயர்தான் கிடைக்கும். கந்தாய (நிலவரி) ரசீதையோ பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தையோ பாருங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர் அங்கேதான் இருக்கும்.

ஏ.ஜெட்டிஅள்ளி, பி.அக்ரகாரம் மாதிரி முன்னெழுத்து உள்ள ஊர்களில் எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் பல ஊர் இருப்பதால்தான் அந்த எழுத்தே ஒட்டியது. அள்ளி, ஹள்ளி, பள்ளி என்று எழுத்து மாறி மாறி வருவதால் ஒரு எழுத்துக்கூட்டலில் ஊர் இல்லையென்றால் அடுத்ததிலும் தேடிவிட்டு முடிவுக்கு வாருங்கள். மாவட்டத்தின் பெயரும் காலத்துக்குக் காலம் மாறியது. 1965 அக்டோபர் 2-க்கு முன் எல்லாமே சேலம் மாவட்டம். 2004 பிப்ரவரி 9-க்கு முன் கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள். அஞ்செட்டி, சூளகிரி, பர்கூர், நல்லம்பள்ளி, காரிமங்கலம் எல்லாம் பின்னால் பிரிந்த வட்டங்கள். ஆகவே அஞ்செட்டிப் பக்கத்து ஊரின் பழைய காகிதம் ‘சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா’ என்ற தலைப்பில் கிடக்கும். இதைக் குறித்துக்கொள்ளாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

சேவைகளில் பட்டா, சிட்டாவைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஊர் வரலாற்றுக்கு அது அவ்வளவாக உதவாது. எடுக்க வேண்டியது ‘அ’ பதிவேடு, அதாவது ஊரின் எல்லா நிலத்தையும் புல எண் வாரியாகக் காட்டும் பதிவேடு. ஒரு வரியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். புல எண் (சர்வே எண்) 112, உட்பிரிவு 2பி. பழைய எண் 87 பகுதி. ரயத்துவாரி (உழவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறை). புன்செய். மண் வயனமும் ரகமும் (மண்ணின் வகை) 8-4. தீர்வை (நிலவரி) ஹெக்டேருக்கு 2.47. பரப்பு 0-42.50. மொத்தத் தீர்வை 1.05. கடைசியில் பட்டா எண்ணும் பெயரும்.

இதில் முதலில் கண் வைக்க வேண்டியது பழைய எண். ‘பகுதி’ என்ற சொல் வந்தால் அந்தப் பழைய புலம் இப்போது பல எண்களாக உடைந்திருக்கிறது என்று பொருள். அக்கம்பக்கத்து வரிகளில் அதே 87 எங்கெங்கே வருகிறது என்று சேர்த்தால் பழைய புலம் முழு உருவத்துக்கு வந்துவிடும். பரப்பில் கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். 1 ஏர் என்பது 2.47 சென்ட், 42.50 ஏர் என்றால் 1 ஏக்கர் 5 சென்ட். தீர்வை வீதத்தை 2.47-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏக்கருக்கு 1 ரூபாய். மெட்ரிக் முறைக்கு மாற்றுவதற்கு முன் இருந்த ரூபாய்-அணா வீதம் இப்படித்தான் வெளியே வரும். ஒரே மாதிரி வீதம் உள்ள புலங்களுக்கு வரைபடத்தில் ஒரே வண்ணம் அடித்தால் ஊரில் எது முதல்தரக் கொல்லை, எது கரட்டோரத்துக் கல்லுக்கொல்லை என்று நிலவரியை நிர்ணயித்த பழைய செட்டில்மெண்ட் அதிகாரி பிரித்த கணக்கு கண்ணுக்குத் தெரியும். நிலத்தின் தர எண் சின்னதாக இருந்தால் நல்ல நிலம், தீர்வையும் கூடுதல்.

உட்பிரிவு எண்ணில் ஒரு குடும்பக் கதையே உண்டு. 47/3ஏ1பி என்று வந்தால் 47 முதலில் எண்களாகப் பிரிந்தது. அதில் 3 எழுத்துகளாகப் பிரிந்தது. அதில் ஏ மறுபடி எண்களாக, அதில் 1 மறுபடி எழுத்துகளாக. நாலு அடுக்கு, நாலு பிரிவினை: பாகம் பிரித்ததாகவோ துண்டு போட்டு விற்றதாகவோ இருக்கும். தொடர்ச்சியாக அடுத்த எண்ணைக் கொடுத்து முடித்த இடங்களும் இருப்பதால் இந்தக் கணக்கை மட்டும் நம்பித் தலைமுறை எண்ணக் கூடாது. சுற்றியுள்ள எல்லாப் புலமும் நாலைந்து அடுக்குக்கு உடைந்திருக்க, நடுவில் ஒரு பெரிய புலம் மட்டும் உடையாமல் நின்றால் அது ஏன் என்று கேளுங்கள். கோவில் நிலமாகவோ, பழைய மிட்டாதாரர் (ஏலத்தில் எடுத்த நிலத்தொகுதியை ஜமீன்போல வைத்திருந்தவர்) பண்ணையாகவோ, விளையாத பாறையாகவோ இருக்கும்.

சேவையின் பெருங்குறை இங்கேதான். ‘அ’ பதிவேட்டைப் புல எண், உட்பிரிவு எண் கொடுத்து ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும். முழுக் கிராமத்தையும் ஒரே கோப்பாகத் தருவதில்லை. புலங்கள் நூற்றுக்கணக்கில் உள்ள ஊரில் 1-லிருந்து வரிசையாகப் போனால் பாதியில் வெறுத்துவிடும். புறம்போக்கு எண்களை முதலில் முடியுங்கள். ஊர் வரலாற்றுக்குப் பட்டா நிலத்தைவிட அதுவே பேசும். கிராம நிர்வாக அலுவலரிடமோ, பழைய கிராம உதவியாளரிடமோ ஏரி, நத்தம், மந்தை, சுடுகாடு ஆகியவற்றின் எண்களைக் கேட்டால் வாயிலேயே வைத்திருப்பார்கள்.

நத்தம் என்றால் குடியிருப்பு. ‘அ’ பதிவேட்டில் அது பெரும்பாலும் ஒரே பெரிய எண்ணாக நிற்கும்; உள்ளே வீட்டு வாரியாகப் பிரித்தது பின்னால் வந்த நத்தம் நில அளவை, தளத்தில் அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. பழைய ஊரின் எல்லை எதுவரை என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பெரிய எண்ணின் புலப்படத்தை, அதாவது அந்தப் புலத்தின் அளவைப் படத்தைப் பாருங்கள். இன்றைக்கு மெயின்ரோட்டுப் பக்கம் வளர்ந்து நிற்கிற ஊர் அதற்குள் அடங்காது. ஆதிதிராவிடர் நத்தம் தனி எண்ணில், பெரும்பாலும் ஊருக்கு எட்டத்தில் இருக்கும். அந்தத் தூரத்தையும் நடுவே ஓடையோ பாதையோ இருப்பதையும் அளந்து எழுதாத ஊர் வரலாறு அரைகுறைதான். மந்தைவெளி இருந்தால் மாடு கூடிய இடம். களம் என்றால் ராகியும் சாமையும் அடித்த இடம். வண்டிப்பாதைகளை ஒன்றோடொன்று சேர்த்து இழுத்தால் பழைய சந்தைக்குப் போன வழி பிடிபடும். கோவில் என்று குறிப்பில் இருந்தால் எந்தச் சாமி என்று ஊரில் கேட்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்திலும் ‘வேடியப்பன்’ என்று பதில் வந்தால் உடனே நேரில் போங்கள். பல இடங்களில் வேடியப்பனாகக் கும்பிடுவது ஒரு நடுகல்லைத்தான்.

தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. முதலாவது, உழவுக்கு லாயக்கு என்று வீதம் போட்டும் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. இரண்டாவது, வீதமே போடாமல் விட்டது. ஒரு ஊரில் முதல் வகை நிறைய என்றால் செட்டில்மெண்ட் நடந்தபோது அங்கே உழ ஆள் போதவில்லை என்று யோசிக்க இடமுண்டு. பஞ்சமா, காய்ச்சலா, தண்ணீரா என்பதை வேறு ஆவணம்தான் சொல்லும்.

புலப்படம் நன்றாகவே இருக்கிறது. எல்லைக் கோடு, உள்ளே அளவைக்கு இழுத்த கோடுகள், மீட்டரில் நீளம், வெளியே அண்டைப் புலங்களின் எண்கள் எல்லாம் உண்டு. அண்டை எண்ணை வைத்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகலாம். அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு அளவில் சுருங்கி, எந்த ஓரமும் எதனோடும் பொருந்தாது. தாள்களின் அளவுகோலே 1:1000, 1:2000 என்று வேறுபடலாம். தலைப்பைப் பார்த்துச் சமப்படுத்திவிட்டு ஒட்டுங்கள். முழுக் கிராம வரைபடம் வேண்டுமானால் நில அளவைத் துறையில் கட்டணம் கட்டி வாங்குவதே நேரத்துக்கு லாபம்.

பதிவேட்டில் கொல்லையின் பெயருக்கு ஒரு கட்டமும் இல்லை, அதுதான் எங்களுக்குப் பெரிய மனத்தாங்கல். இங்கிலாந்துச் சிற்றூர்களுக்கு 1836-ஆம் ஆண்டு ‘டைத்’ மாற்றுச் சட்டத்தை ஒட்டி வரைந்த படமும் பட்டியலும் இருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தானியமாக அளந்த வழக்கத்தைப் பணமாக மாற்றுவதற்காகச் செய்த வேலை அது. வயலுக்கு ஒரு எண், உடைமையாளர், பயிரிடுபவர், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா, பரப்பு என்று எல்லாம் ஒரே வரியில். மூன்று படி எடுத்து, ஒன்று ஆணையத்துக்கு, ஒன்று மறைமாவட்டத்துக்கு, ஒன்று ஊர்த் திருச்சபைக்கு என்று கொடுத்தார்கள். அங்கே ஊர் வரலாறு எழுதுகிறவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். நமக்குப் பயிர் விவரம் அடங்கலில், அதாவது கிராமக் கணக்கு எண் 2-இல் தனியாக இருக்கிறது. பெயர் எதிலும் இல்லை.

பெயரைப் பிடிக்க வழி உண்டு. பழைய கிரயப் பத்திரங்களில் செக்குபந்தி என்று நாலு எல்லையும் எழுதுவார்கள். ‘கோட்டைக்கொல்லை என்கிற புஞ்சைக்குத் தெற்கு, மந்தைக்குப் போகும் வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்று அதில் வரும். கோட்டைக்கொல்லை என்று இரண்டு மூன்று பத்திரங்களில் வந்தால் மண்கோட்டை இருந்த இடமா என்று மேடு, அகழி, ஓட்டுச்சில்லு தேடிப் பார்க்கலாம். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்க முடியும் என்றாலும் கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அதைவிட ஊரில் பரண்மேல் இருக்கும் பத்திரக் கட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளக் கேட்பது மேல். வெளியிடும்போது பட்டாதாரர் பெயர்களை எடுத்துவிடுங்கள். நடந்துகொண்டிருக்கும் பாகச் சண்டைக்கு உங்கள் புத்தகம் சாட்சியாக வேண்டாம்.

இனி தளத்துக்குப் பின்னால் உள்ளவை. யூ.டி.ஆர் பதிவில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, வகைப்பாடு புரண்டது என்ற பிழைகள் ஏராளம் என்பது வருவாய்த் துறைக்கே தெரிந்தது. திருத்துவதற்கென்றே மாவட்ட வருவாய் அலுவலர் வரை நடைமுறை வைத்திருக்கிறார்கள். ஆகவே தளத்தில் கண்ட எதையும் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டோடு, பேச்சு வழக்கில் எஸ்.எல்.ஆர் என்பதோடு, ஒப்பிடாமல் எழுத வேண்டாம். முக்கியமாக மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, ஏரியின் பரப்பு. பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் இருந்தால் எந்தப் பக்கம் குறைந்தது என்று புலப்படத்தில் தெரியும். இரண்டு, 1892-ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலங்களுக்குப் போட்ட ‘டி.சி.’ குறி, பழைய பதிவேட்டில் இருந்து, பின்னதில் காணாமல் போயிருந்தால் அதுவே ஒரு அத்தியாயம். மூன்றாவது, இனாம் (மானியமாகக் கொடுத்த நிலம்) என்ற குறிப்பு.

இனாம் என்று வந்துவிட்டால் ஊர் வரலாறு ஒரே தாவலில் நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போகும். 1858-இல் அமைத்த இனாம் ஆணையம் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதிய பதிவேடுதான் காரணம், அதை ஐ.எஃப்.ஆர் என்று கேட்டால்தான் அலுவலகத்தில் புரியும். யார் கொடுத்தது, யாருக்கு, எதற்கு, கோவில் பூசைக்கா, ஏரி வேலைக்கா, ஊர்க்காவலுக்கா, அப்போது யார் அனுபவத்தில் இருந்தார்கள் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஹைதர், திப்பு காலத்துக்கு முந்தைய கொடைகளும் அந்த விசாரணைகளில் பேச்சுக்கு வரும். அக்ரகாரம் என்று பெயர் முடிகிற ஊர்களில் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

அதற்கும் பின்னால் பாராமகால் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) ஆவணங்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பாராமகாலுக்கு அலெக்சாண்டர் ரீட் ஆட்சியரானார். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளராகத் தருமபுரியில் இருந்தார். ரயத்துவாரி முறை முளைத்தது இந்த மண்ணில்தான். ‘அ’ பதிவேட்டில் இன்றைக்கும் ‘ர’ என்று வருகிற எழுத்தின் ஆதி அது. ஓசூர்ப் பக்கம் 1799-க்குப் பிறகுதான் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) வசம் வந்தது. ஆகவே ஓசூர், தேன்கனிக்கோட்டை ஊர்களுக்கு அந்த முதல் ஏழு ஆண்டு ஆவணத்தில் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். பிறகு நிலத்தை மிட்டாக்களாக ஏலம் விட்டதும் அவற்றில் பல கட்ட முடியாமல் அரசிடமே திரும்பியதும் 1883-இல் வந்த சேலம் மாவட்டக் கையேட்டிலும் 1918 கெசட்டியரிலும் விரிவாக இருக்கின்றன. சின்ன ஊர்களின் பெயர் இவற்றில் நேரடியாக வருவது அபூர்வம். தாலுகாப் பகுதியையும் மிட்டாப் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

காட்டோர ஊர்களுக்கு இந்தச் சேவை கிட்டத்தட்ட கைவிரித்துவிடும். 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய காடுகளுக்குள் இருந்த மேய்ச்சல் உரிமை, பாதை, தண்ணீர்த் துறை எல்லாம் வன அறிவிக்கைகளில்தான் இருக்கும்.

பழைய பதிவேடுகளைப் பார்க்க மிக மலிவான வழி தகவல் உரிமைச் சட்டம். மனுவுக்கு 10 ரூபாய். ‘எங்கள் ஊர் எப்போது உருவானது?’ என்று எழுதினால் ஒன்றும் வராது. சட்டம் இருக்கிற ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர, ஆராய்ந்து பதில் எழுதச் சொல்லவில்லை. ‘இன்ன வருவாய்க் கிராமத்தின் எஸ்.எல்.ஆர், பழைய எண் - புது எண் ஒப்பீட்டுப் பட்டியல், இனாம் பதிவேடு ஆகியவற்றைப் பிரிவு 2(ஞ)-இன்படி நேரில் பார்வையிட வேண்டும்’ என்று கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தேவையான பக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு நகல் கேட்டால் போதும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு. ஆண்டுதோறும் கோடையில் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்திக்கு (ஆண்டுக் கணக்குத் தணிக்கைக்கு) கிராமக் கணக்குகள் மொத்தமும் வந்து சேரும். எந்தப் பதிவேடு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த நாட்களில் விசாரித்து வைத்தால் மனு எழுதுவது சுலபம். பழைய கணக்குகளில் ஆண்டு பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில்) இருக்கும். அதனோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு: பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. 591 கூட்டிவிட்டு ஒரு ஆண்டு தப்பாக எழுதிய கட்டுரைகள் பல உலவுகின்றன.

வேடியப்பன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. எழுத்துள்ள நடுகல் என்றால், பழைய கற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து. அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாட்டின் பெயர், ஊர், தொறு (மாட்டு மந்தை) கொண்டபோதோ மீட்டபோதோ பட்டவன் (இறந்தவன்) பெயர் என்ற வரிசையில் வரும். புறமலை நாடு போன்ற பழைய பெயர்கள் கிடைப்பது இப்படித்தான். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்ட வேண்டாம், சுண்ணாம்பு, மாவு, பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் சாய்த்து அடித்து, இடம், வலம், மேல் என்று மூன்று கோணத்தில் படம் எடுத்தால் எழுத்து மேலெழும்பித் தெரியும். தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளில் அந்தக் கல் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஊர்ப் பெயரை வைத்துப் பாருங்கள். அதில் இல்லையென்றால் படங்களோடு வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றையும் எழுதி மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் கொடுங்கள். ‘பெரிய புளியமரத்துக்குப் பக்கம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மரத்தை வெட்டியதும் கல்லைக் கண்டுபிடிக்க முடியாது.